கடலோர வீட்டுக்குச் சத்தமில்லாத டிஹியூமிடிஃபயர்: எதைப் பார்த்து வாங்குவது?

துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கீழக்கரையில் வீடு, கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. ஐப்பசி பிறந்தாலே உம்மா படுக்கும் அறையில் சுவர் ஓதம் காக்கிறது, பீரோவில் அடுக்கி வைத்த சேலைகளில் பூசணம் பிடிக்கிறது, உம்மாவுக்கு மூச்சிளைப்பும் இருக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார்களாம். அதனால் சத்தமே வராத டிஹியூமிடிஃபயர், அதாவது அறைக் காற்றின் ஈரத்தைத் தண்ணீராக எடுக்கும் மெஷின், எது, நாளுக்கு எத்தனை லிட்டர் எடுப்பதாக வாங்கலாம் என்பது கேள்வி. ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே ஏசி, ஃபிரிட்ஜ் வேலைக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பதில். கம்ப்ரசர் வகை, 16 முதல் 20 லிட்டர், குழாய் மாட்டித் தண்ணீரை நேரே வெளியேற்றும் வசதி, கரண்ட் போய் வந்தால் தானே மறுபடி ஓடும் வசதி. இந்த நான்கும் இருப்பதாக வாங்குங்கள். ஆனால் தம்பி, உம்மா தூங்கும் நேரத்தில் தூங்கும் அறைக்குள் அதை ஓட விடாதீர்கள். சத்தத்தைவிடப் பெரிய காரணம், அது கக்கும் சூடு.

மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். உள்ளே 'காயில்' என்கிற வளைத்து மடித்த குழாய்கள் இரண்டு: ஒரு குளிர்ந்த காயில், ஒரு சூடான காயில். ஃபேன் அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த காயில் வழியாக விடுகிறது, காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகச் சொட்டுகிறது, பிறகு அதே காற்று சூடான காயில் வழியாக அறைக்கே திரும்புகிறது. ஏசி தன் சூட்டை அவுட்டோர் யூனிட் வழியாகத் தெருவில் தள்ளிவிடும். இதற்கு அவுட்டோர் கிடையாது. தின்கிற கரண்ட் முழுக்கச் சூடாகி அறைக்குள்ளேயே இறங்கும். அதுபோக, ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறும்போது சுமார் 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் மாறும். 300 வாட் மெஷின் மணிக்கு அரை லிட்டர் எடுத்தால் 300 வாட்டும் 340 வாட்டும் சேர்ந்து 640 வாட் சூடு. கதவைச் சாத்திய சின்ன அறையில் இஸ்திரிப் பெட்டியை விடிய விடிய சூடாக வைத்திருக்கிற கதை அது. கார்த்திகை மாதத்துப் புழுக்க இரவில் அதற்குள் யார் படுப்பார்கள்? குளிர் நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சூடு வரப்பிரசாதம். அவர்கள் எழுதும் விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கீழக்கரைக்கு மெஷின் தேடுவதில் இருக்கிற சிக்கல் இதுதான்.

அடுத்து, லிட்டர் கணக்கு. பெட்டியில் 'நாளுக்கு 12 லிட்டர்' என்று போட்டிருந்தால் அது எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் என்று கேட்க வேண்டும். 30 டிகிரி, 80 சதவீதம் என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். சில நாட்டுக் கம்பெனிகள் 27 டிகிரி, 60 சதவீதத்தில் அளந்து போடும். அந்த அளவில் 12 என்றால் நம் ஊர்ப் பெருமழைக் காலத்தில் அது இன்னும் நிறையவே எடுக்கும். இரண்டு மெஷினையும் ஒரே தராசில் வைக்காமல் 12, 20 என்று ஒப்பிட்டுப் பயனில்லை.

உங்கள் அறைக்கு எவ்வளவு தேவை? பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 60 சதவீதத்துக்கு இறக்க 6 கிராம் எடுத்தால் போதும். மொத்த அறைக்கும் 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை அறைக் காற்று முழுவதும் மாறினால் ஒரு நாளைக்கு 24 டம்ளர், ஐந்து லிட்டர் ஆகிவிடும். சன்னலைத் திறந்து வைத்து மணிக்குப் பத்துமுறை மாறினால் ஐம்பது லிட்டர். அதை எடுக்க வீட்டு மெஷின் எதாலும் ஆகாது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் வற்ற வைக்கும் வேலை அது. தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டத்தில் காற்றில் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

ஆகவே சன்னல் கதவு சாத்தாமல் டிஹியூமிடிஃபயர் போடாதீர்கள். நடுவில் திறந்த முற்றம் இருக்கும் பழைய வீடு என்றால் வீடு முழுக்கக் காய வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஓர் அறையை மட்டும் எடுத்து, கதவடியில் ரப்பர் பட்டை அடித்து, மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தை மழைக்காலத்துக்கு மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

ஐந்து லிட்டர்தான் கணக்கு என்றால் 16, 20 எதற்கு? சத்தத்துக்காகத்தான். சின்ன மெஷினை வாங்கினால் அது முழு ஃபேன் வேகத்தில் நாள் பூராவும் முக்கிக்கொண்டே ஓடும். பெரியது குறைந்த வேகத்தில் சில மணி நேரம் ஓடிவிட்டு ஓய்ந்துவிடும். சுவர், மெத்தை, துணி என்று அறைக்குள் ஊறிக் கிடக்கும் ஈரமும் முதல் சில நாள் வந்துகொண்டே இருக்கும். தொட்டி சீக்கிரம் சீக்கிரம் நிரம்பும். பிறகு தானாகக் குறையும். அதைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டதென்று சர்வீசுக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு.

டெசிபல் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்ரசர் மெஷின்களில் 36 முதல் 50 வரை எண் போடுவார்கள். 36 என்று இருந்தால் அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அளந்தது. எத்தனை அடி தள்ளி அளந்தார்கள் என்பதைப் பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் இரட்டித்த மாதிரி இருக்கும், அதனால் 38க்கும் 48க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசமில்லை. படுக்கையறையில் இரவில் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. கம்ப்ரசர் வைத்த வீட்டு டிஹியூமிடிஃபயர் எதுவும் அந்த எண்ணைத் தொடுவது கஷ்டம். ஆனால் வேகமாகச் சுற்றும் சீலிங் ஃபேனும் அந்த எண்ணைத் தாண்டித்தான் நிற்கிறது, அதன் கீழேதான் நம் ஊர் முழுக்கத் தூங்குகிறது.

அப்படியானால் தூக்கத்தைக் கெடுப்பது எது? ஒரே சீராக வரும் 'உஸ்' சத்தத்துக்குக் காது பழகிவிடும். கம்ப்ரசர் 'டக்' என்று பிடிப்பதும் விடுவதும்தான் விழிக்க வைக்கும். அதோடு 100 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் அதன் இரட்டிப்பில் அதிரும். இந்த அடித்தொனி தரை வழியாகக் கட்டில் காலுக்கு ஏறி வரும். டெசிபல் மீட்டர் அதை அவ்வளவாகக் கணக்கில் எடுக்காது, தலையணையில் காதை வைத்தவருக்குத்தான் தெரியும். கடையில் ஓட விட்டுப் பார்க்க முடிந்தால் ஃபேன் சத்தத்தைக் கேட்காதீர்கள். மெஷினின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை விறுவிறுவென்று அதிர்ந்தால் விலகிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை இலேசாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் வீட்டில் அது தாளம் போடும்.

நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வைத்த மாடல் கிடைத்தால் இந்தப் பிடிப்பு, விடுப்புத் தொல்லை குறைவு. விலை அதிகம்.

வாங்கின பிறகு சத்தத்தைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. டைல்ஸ் தரையில் நேராக வைக்காமல் தடித்த ரப்பர் மேட்டின் மேல் வையுங்கள். மூலையில் திணித்தால் அடித்தொனி பெருகும், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வையுங்கள். ஸ்டீல் பீரோவை ஒட்டி வைக்கவே வேண்டாம், பீரோக் கதவு கூடச் சேர்ந்து பாடும். சொட்டுச் சத்தம் தொந்தரவென்றால் குழாய் மாட்டிவிடுங்கள், தொட்டியில் விழாது.

எல்லாவற்றையும் விட நல்ல வழி, மெஷினை அறைக்கு வெளியே வைப்பது. பக்கத்து அறையிலோ உள் ஹாலிலோ வைத்து, வெளிப்பக்கக் கதவு சன்னல்களைச் சாத்தி, உம்மா அறைக் கதவை மட்டும் அரைவாசி திறந்து வைத்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள். காற்று கலந்து ஈரம் இறங்கும், சூட்டிலும் சத்தத்திலும் பெரும்பகுதி அந்தப் பக்கமே தங்கும். இதற்கு 20 லிட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். உம்மா அறையில் ஏற்கெனவே ஏசி இருந்தால் இரவுக்கு அதுவே டிஹியூமிடிஃபயர்தான். 26 டிகிரியில் வைத்து ஃபேனைக் குறைத்துப் போட்டாலோ, ரிமோட்டில் டிரை என்று இருக்கும் தண்ணீர்ச் சொட்டுப் படத்தை அமுக்கினாலோ போதும். பகலில் உம்மா அடுப்படிப் பக்கமோ ஹாலிலோ இருக்கும் நேரம், அறையைச் சாத்தி டிஹியூமிடிஃபயரை ஆறு மணி நேரம் ஓட விடுங்கள். இரவில் ஏசி, பகலில் மெஷின். கடலோர வீட்டுக்கு நான் சொல்வது இந்தக் கூட்டணியைத்தான்.

ஏசி பற்றிப் பேசும்போது ஒன்று. ஓர் அறையில் ஏசியை 20, 22 என்று வைத்து விடிய விடிய ஓட்டினால், ஏசி இல்லாத அடுத்த அறையில் அந்தப் பொதுச் சுவர் குளிர்ந்து நிற்கும். 28 டிகிரி, 85 சதவீதம் ஈரம் உள்ள காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனியாகப் படியத் தொடங்கும். அந்தச் சுவரில்தான் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூசணம் கிளம்பும். மேலே குழாய் கசிகிறது என்று டைல்ஸைப் பெயர்ப்பார்கள். ஏசியை 26க்கு ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனி உங்கள் சுவர். இதைச் சரியாகப் பார்க்காமல் மெஷின் வாங்கினால் பணம் வீண். நம் கரையில் சுவர் நசநசப்பதற்குப் பாதி காரணம் உப்பு. பழைய வீடுகள் சிலவற்றில் கடல் கல்லும் சுண்ணாம்பும். புது வீடென்றால் உவர்ப்பான போர்த் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரில் நனைத்திருப்பார்கள். உப்பு பூச்சுக்குள் உட்கார்ந்துவிடும். சோற்றுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானாகக் கரைய ஆரம்பிக்கும். அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். ஆக, மேலே கசிவில்லை, கீழே ஊற்றில்லை, இருந்தும் சுவர் வேர்க்கும். ஈரப்பதம் 75க்குக் கீழே இறங்கினால் கரைந்த உப்பு மறுபடி படிகமாகும். படிகமாகும்போது பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். வெள்ளை மாவு போலக் கொட்டுவதும் பெயிண்ட் பொரிந்து எழும்புவதும் அப்படித்தான். டிஹியூமிடிஃபயரை இரண்டு நாள் ஓட்டி, நாலு நாள் நிறுத்தி, மறுபடி ஓட்டினால் சுவர் 75ஐ மேலும் கீழும் தாண்டித் தாண்டிச் சீக்கிரமே உதிரும். ஓட்டினால் மழைக்காலம் முழுக்க ஒரே சீராக 60 பக்கத்தில் நிறுத்துங்கள். உதிர்ந்த மாவை உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், ஈரத் துணியால் துடைத்தால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

உண்மையான கசிவா, உப்பு ஓதமா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. சுவரில் ஓரடிக்கு ஓரடி இடத்தைத் துடைத்து, ஹேர் டிரையர் வைத்துக் காய வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மொட்டை மாடி விரிசல், குளியலறைக் குழாய், அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் என்று தேட வேண்டும். அப்போது மெஷினை விடக் கொத்தனார்தான் முதலில் தேவை. தாளுக்கு வெளிப்பக்கம் ஈரமும் உள்பக்கம் காய்ந்தும் இருந்தால் காற்றின் ஈரம்தான், மெஷின் உதவும். ஓதம் ஏறும் சுவரில் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து மூடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அடுத்த வருசம் பாளம் பாளமாக உரியும்.

மெஷினுக்கு முன்னாலேயே ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். மெஷினில் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, அது தன் மூக்கின் முன்னால் இருக்கிற காற்றைத்தான் அளக்கிறது. ஹைக்ரோமீட்டர் சரியா என்று சோதிக்க நம் ஊர்ச் சரக்கே போதும். மாரியூர், வாலிநோக்கம் உப்பளத்து மாவட்டக்காரர்கள் நாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் போகாத டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் நாலு குறைத்துக் காட்டுகிறது என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

இளைப்புக்காரர்களுக்கு 50க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் நல்லது. பூசணம் அங்கே அடங்கும், தூசிப் பூச்சி பெருகுவதும் குறையும். அதற்கும் கீழே இறக்க நம் ஊரில் கரண்ட் பில்தான் ஏறும். மெஷின் இளைப்புக்கு மருந்தல்ல, டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அதே மெஷின் பூசணத்தூளை அறை முழுக்க ஊதும், அது இளைப்பைக் கூட்டும்.

ஆன்லைனில் நாலாயிரம், ஐந்தாயிரத்துக்கு 'சத்தமே இல்லை' என்று வரும் குட்டி மெஷின்கள் பெல்டியர் வகை, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகட்டை வைத்து ஓடுபவை. கம்ப்ரசரே கிடையாது, சத்தம் உண்மையிலேயே குறைவு. ஆனால் நாளெல்லாம் ஓடினாலும் அரை லிட்டர் எடுத்தால் அதிகம். மேலே சொன்ன ஐந்து லிட்டர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மூடிய அலமாரிக்குச் சரி, அறைக்கு ஆகாது. டெசிகன்ட் வகை என்று இன்னொன்று உண்டு. ஈரம் உறிஞ்சும் சக்கரத்தை ஹீட்டரால் காய வைத்துக் காய வைத்து ஓடும். குளிர்ப் பிரதேசத்துக்கானது, இங்கே அறையை அடுப்பாக்கும்.

பீரோவுக்கு மெஷின் வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரற்கடை இழுத்துப் போடுங்கள், பின்னால் காற்று ஓடட்டும். இஸ்திரி போட்ட சேலையைச் சூடு ஆறிய பிறகு அடுக்குங்கள். கால்சியம் குளோரைடு டப்பா கடையில் கிடைக்கிறது, அடித்தட்டில் வைக்கலாம், ஆனால் அது உறிஞ்சிய தண்ணீர் சிந்தினால் பட்டுச்சேலையும் போகும், இரும்பும் துருப்பிடிக்கும். நிரம்புமுன் மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஈரத்தை எடுக்காது, பூச்சியை மட்டும்தான் விரட்டும். மழை நாளில் துவைத்த துணியை உம்மா அறையில் கொடி கட்டிக் காயப்போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு வாளித் துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை காற்றில் ஏறும்.

கரண்ட் செலவு: 300 வாட் மெஷின் நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 1.8 யூனிட், இரண்டு மாதப் பில்லில் நூற்றுச் சொச்சம் யூனிட். உங்கள் வீடு ஏற்கெனவே 400 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் கவனம், 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர். பொத்தான் அமுக்கினால்தான் மறுபடி ஓடும் மாடலை வாங்கினால், உம்மா கவனிக்காத நாளில் மெஷின் சும்மாவே நிற்கும். கடையில் ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசருக்கு மூன்று நிமிடம் வரை தாமதம் இருக்கும், அதற்குப் பிறகு தானே கிளம்ப வேண்டும். வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசரும் போடுங்கள்.

குழாய் மாட்டினால் அது மெஷினிலிருந்து இறக்கமாகவே போக வேண்டும், நடுவில் மேடு இருந்தால் தண்ணீர் திரும்பும். உம்மா தொட்டியைத் தூக்கி ஊற்றத் தேவையில்லாதபடி குளியலறைப் பக்கமாக வைத்துவிடுங்கள். தொட்டியில்தான் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், மெஷின் நிறுத்தியிருக்கும் நாட்களிலும் அதில் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்குக் கொசுவுக்கு அந்த அளவே போதும். அந்தத் தண்ணீர் செடிக்கும் தரை துடைக்கவும் ஆகும், குடிக்கவோ இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ ஆகாது.

அங்கேயே வாங்கி வரலாமா என்றால், துபாயும் கடலோர ஊர்தான், கடைகளில் வகை நிறையக் கிடைக்கும். அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான், நம் வோல்டேஜுக்கு ஓடும். பிளக்கை மட்டும் இங்கே மாற்ற வேண்டும். ஆனால் வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. உப்புக் காற்றில் காயில் ஓட்டை விழுந்தால் பார்ட்ஸ் கிடைக்காமல் மெஷினே வீணாகும். R290 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு, விமானத்தில் எடுத்துப் போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ சர்வீஸ் ஆள் இருக்கும் கம்பெனியாகப் பார்த்து இங்கே வாங்குவதைத்தான் நான் சொல்வேன். அப்படியும் அங்கிருந்து கொண்டு வந்தால், வழியில் படுக்க வைத்திருப்பார்கள் என்று எண்ணி, ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கை மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்ப்ரசர் ஆயில் குழாயில் ஏறி, முதல் நாளே மெஷின் படுத்துவிடும்.